ஆட்களோடு சேர்ந்திருந்த படகு

எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான். படித்தவர்கள் எழுதவேண்டிய ஒன்றைத் துணிந்து எழுத வந்திருக்கிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்த இடத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான் என் பக்க நியாயம்.

வீடு கடலூர் முதுநகரில். வேலை சிதம்பரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன ஆபீஸில். அங்கே ஒரு தேடுபொறி செய்கிறோம். இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "அதான் போன்லயே இருக்குதே, நீங்க எதுக்குப் புதுசா செய்யறீங்க?"

போனில் இருப்பது சொற்களைத் தேடுவது. நாம் தட்டும் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கங்களைக் கொண்டுவந்து போடும். படித்துப் பதிலைக் கண்டுபிடிப்பது நம் பாடு. எங்களுடையது தகவலையே தேடுவது. ஒவ்வொரு தகவலையும் மூன்று துண்டாக எழுதி வைப்போம். ஒரு பொருள், அதற்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு, அந்த இன்னொன்று எது. இந்தப் படகு, அதில் இருக்கும் இஞ்சின், இன்ன மாடல். இந்தப் படகு, அது நிற்கும் துறை, இன்ன ஊர். ஒவ்வொரு பொருளுக்கும் இன்டர்நெட்டில் ஒரு முகவரி உண்டு. காரைக்காலில் யாரோ, நாகப்பட்டினத்தில் யாரோ இதே முறையில் எழுதி வெளியிட்டிருந்தால், அவர்கள் தகவலும் எங்கள் தகவலும் அந்த முகவரிகள் வழியாகச் சேர்ந்துகொள்ளும். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஊரையும் பேரையும் விசாரித்துக்கொண்டே போய், "அப்போ நீங்க நமக்குச் சொந்தம்ல!" என்று முடிப்பார்களே, அந்த மாதிரி.

கடலூர்க் கரையின் படகுகளைப் பதிவு செய்தது நானும், பக்கத்து நாற்காலியில் இருக்கும் பரங்கிப்பேட்டைப் பெண்ணும். அவள் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். வாய் ஓயாது. என் கூச்சத்துக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் என் தம்பி தன் விசைப்படகின் இஞ்சினைப் பிரித்தான். தடைக்காலத்தில் எல்லோரும் செய்வதுதான். பிரித்துப் பார்த்தால் கியர் பாக்ஸுக்குள் சக்கரத்தின் பற்கள் உடைந்திருந்தன. பழைய மாடல், கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் கடைகளில் எல்லோரும் கையை விரித்தார்கள். தடை முடிய ஒரு வாரம்கூட இல்லை. எங்கள் கரையில், தடை முடிந்த முதல் நாள் எந்தப் படகில் ஏறுகிறார்களோ அதில்தான் ஆட்கள் அந்தப் பருவம் முழுக்க நிற்பார்கள். முதல் நாள் போகாத படகுக்கு அப்புறம் ஆள் கிடைக்காது. தம்பிக்கு இருப்பது அந்த ஒரு படகுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஆபீஸ்ல தேடிப் பாக்கறேன்டா," என்றேன்.

அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். "கேட்டீங்களா மச்சான்? கடைக்காரன், மெக்கானிக் எல்லாம் தேடி முடிச்சாச்சு. இப்ப அக்கா சிதம்பரத்துல மாடில உக்காந்து வலை வீசப் போவுதாம்."

"சும்மா இருடா," என்றார் அவர். "உன் வலையில என்னா மாட்டிச்சு இத்தினி நாளா? அது வீசட்டும்."

மறுநாள் ஆபீஸில் என் வேலைகளை முடித்துவிட்டுக் கேள்வியைப் போட்டேன். இந்த மாடல் இஞ்சின் உள்ள படகுகள், அவற்றில் தடைக்காலத்துக்கு முன்பிருந்தே தொழிலுக்குப் போகாதவை எவை. நிற்கும் படகு என்றால் அதிலிருந்து சக்கரத்தைக் கழற்றி வாங்கலாம். காரைக்காலில் ஒன்று வந்தது, நாகப்பட்டினத்தில் இரண்டு. பரங்கிப்பேட்டைப் பெண்ணே மூன்று பேருக்கும் போன் போட்டாள். ஒருவர் இஞ்சினையே விற்றுவிட்டிருந்தார். மற்ற இருவரும் தங்களுக்கே வேண்டும் என்றார்கள்.

எங்கள் கரையிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. 'தொழிலுக்குப் போகாதவை' என்பதை எடுத்துவிட்டு, அந்த இஞ்சின் உள்ள படகுகள் எல்லாம் வரட்டும் என்று கேட்டேன். அப்போதும் எங்கள் கரை காலி. தம்பியின் படகே அதில் இல்லை. அந்த இஞ்சின் அதில் இருப்பது எனக்குத் தெரியும். அதைத் தட்டி ஏற்றியதே நான்தான்.

தம்பியின் படகை அதன் எண்ணைக் கொடுத்துத் தனியாகத் தேடினேன். வந்தது. இஞ்சின் சரி, துறை சரி. வகை என்ற இடத்தில் மட்டும் 'ஆள்' என்று இருந்தது.

பரங்கிப்பேட்டைப் பெண் எட்டிப் பார்த்தாள். "யாக்கா, உங்க தம்பி படகுக்கு ஓட்டுப் போடற வயசு ஆயிடுச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த படகைப் பார்த்தேன், அதுவும் ஆள். அதற்கடுத்ததும் ஆள். கடலூர்க் கரையின் அத்தனை படகும் மனிதர்களாக இருந்தன.

யோசித்தபோதுதான் புரிந்தது. எங்கள் கரையில் பிடித்த மீனை விற்று டீசல் செலவு போக மீதியைப் பங்கு போடும்போது, கடலுக்குப் போன ஆட்களுக்குப் பங்கு வைப்பதுபோலவே படகுக்கும் பங்கு வைப்பார்கள், வலைக்கும் வைப்பார்கள். எங்களுக்காகக் கரைக்குப் போய்த் தாளில் விவரம் எழுதி வந்தவர்கள் "உங்க தொழில்ல பங்கு வாங்குற ஆளுங்க யார் யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் வழக்கப்படி படகையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். தாளில் வந்தபடியே நாங்களும் ஏற்றினோம். அதைப் படித்தபோது எங்கள் இருவருக்குமே வித்தியாசமாகப் படவில்லை. நாங்கள் இருவரும் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள்தானே. படகுகளை மட்டும் தேடு என்று சொன்னால், பொறி எங்கள் படகுகளை மனிதர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறது.

ஆபீஸை நடத்துகிற மேடத்திடம் போய்ச் சொல்லவேண்டும். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"நான் வரவாக்கா?" என்றாள் அவள்.

"வேணாம், நானே போறேன்."

மேடம் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, ஆள்ங்கறத எடுத்துட்டுப் படகுன்னு மாத்திடலாம்," என்றார்.

"எடுத்தா பங்கு வெவரம் கெட்டுடும் மேடம். யாருக்கெல்லாம் பங்குன்னு கேட்டா படகும் வரணும். வரலைன்னா எங்க ஊர்ல யாரும் அதை ஒத்துக்க மாட்டாங்க." இவ்வளவையும் நான்தான் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்து, "ஒரு பொருள் ஒரே வகையாத்தான் இருக்கணும்னு இல்லியே," என்றார். பங்கு பெறுவது என்று புதிதாக ஒரு வகை உண்டாக்கினார். ஆட்கள், படகுகள், வலைகள் மூன்றும் அதற்குள் வரலாம். படகு படகாகவும் இருக்கும், பங்கு பெறுவதாகவும் இருக்கும். நல்ல படிப்பு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வழக்கத்தைத் தப்பு என்று தள்ளாமல் அதற்கு ஓர் இடம் செய்துகொடுத்தார்.

அன்றும் அடுத்த நாளும் நாங்கள் இருவரும் ஒவ்வொரு படகாகத் திருத்தினோம். "ஒனக்குப் பிரமோஷன், ஒனக்கும் பிரமோஷன்," என்று அவள் படகுகளிடம் பேசிக்கொண்டே இருந்தாள். முடித்ததும் பழைய கேள்வியையே மறுபடி போட்டேன்.

தம்பியின் படகு வந்தது. அதற்குக் கீழே எங்கள் கரைப் படகுகள் வரிசையாக வந்தன. தொழிலுக்குப் போகாதது என்று சுருக்கியபோது ஒன்று நின்றது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, முடசலோடையில். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய தூரம்.

சாயங்காலம் தம்பியை வரச்சொல்லி இரண்டு பேரும் போனோம். படகுக்காரர் கரையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். படகை உடைத்துவிடத் தீர்மானித்திருந்தார். இஞ்சின் வெளியே ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

"இந்தப் படகுல இந்த இஞ்சின் இருக்கறது எங்கூட்டு ஆளுங்களுக்கே சரியாத் தெரியாது. உங்களுக்கு யாருப்பா சொன்னது?" என்று கேட்டார்.

தம்பி என்னைக் காட்டினான். "எங்க அக்கா. சிதம்பரத்துல இதுக்குன்னே ஒண்ணு செஞ்சிருக்காங்க மாமா. இந்தக் கரையில எந்தப் படகு, எந்த இஞ்சின், எங்க நிக்குது, எல்லாம் அதுல இருக்குது. காரைக்கால் வரைக்கும் தேடும்."

"இவுங்களா செஞ்சாங்க?"

"இவுங்கதான்."

இல்லை, ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து செய்தோம் என்று திருத்தத்தான் வாயெடுத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். என் தம்பி ஒரு வேற்று மனிதரிடம் என்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. இப்போது எழுதும்போதும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பொறியில் இருக்கும் எங்கள் கரையில் பாதி என் விரல் பட்டது. தம்பி பொய் சொல்லவில்லை.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். பற்கள் முழுசாக இருந்தன. விலை பேசி முடித்து, சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். தம்பி அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். தடைக்காலத்தின் கடைசி நாள் மதியம் மெக்கானிக் மாட்டி முடித்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டதும், கரையில் காத்திருந்த அவன் ஆட்கள் ஐஸ் பெட்டிகளைத் தூக்கி ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒருவரும் வேறு படகுக்குப் போகவில்லை.

மறுநாள் விடியுமுன் தம்பியின் படகு மற்றப் படகுகளோடு கடலுக்குப் போனது. நான் வழக்கமான பஸ்ஸில் சிதம்பரம் போனேன். பொறியில் அடுத்து ஏற்ற, காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளின் விவரம் வந்திருந்தது. மதியம் வரை கரண்ட் இல்லை; தாளில் இருந்ததை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தோம்.