சாய்ந்த தொடுவானம்

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி. கால் முறிந்து கோவில்பட்டியில் என் வீட்டுக் கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு ஒரே கவலைதான். எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் மழை விழுந்திருந்தது. ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. மேலோட்டமான ஈரத்தை நம்பி விதைத்தால் முளைத்ததெல்லாம் காய்ந்துபோகும். மறுபடி விதை வாங்க வழியில்லை. காத்திருந்தாலோ பருவம் தப்பிவிடும். என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

நான் கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் வந்தது வினை. மழை மேகம் கிழக்கே ஒதுங்கியிருக்க, மேற்கு வானம் பழுத்துக் கிடந்தது. குறுக்கே மரமோ மலையோ வராத கரிசலில் சூரியன் கடைசி வரை கண்ணில் இருக்கும். அஸ்தமனம் எடுக்கக் கன்னியாகுமரிக்கு ஓடுகிற நண்பர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஃபிலிம் தீரும்வரை எடுத்தேன். எதற்கு வந்தேன் என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“எம்புட்டு எறங்கிருக்கு?” என்றார் அப்பா.

“நல்ல ஈரம்தாம்பா. படம் நாளைக்கு வந்துரும், பாருங்க.”

“ஏலே, ஒன்ன ஈரம் பாக்க அனுப்புனா மேகம் பாத்துட்டு வந்திருக்க.”

மறுநாள் கலர் லேபில் படங்களை வாங்கினேன். கல்யாண முகங்களை வெளுப்பாக்கியே பழகிய லேப்காரர், எல்லாம் கறுப்பாக விழுந்துவிட்டதே என்று என்மேல் இரக்கப்பட்டு வெளிச்சத்தைக் கூட்டியிருந்தார். செவ்வானம் வெளிறிப்போய், நனைந்த கரிசல் சாம்பல் பூத்துக் கிடந்தது. போதாததற்கு, நான் பெரிதாக நம்பியிருந்த படத்தில் தொடுவானம் வேறு சாய்ந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யாரு காடு? சரி, அது கெடக்கட்டும். ஏன் இப்படிச் சாஞ்சு கெடக்கு?”

“ஸ்டாண்டுல ஒரு கால் மண்ணுக்குள்ள எறங்கிட்டுப்பா. நான் கவனிக்கல.”

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அத இங்க கொண்டா.”

ஸ்டாண்டைக் கழுவச் சோம்பல்பட்டு அப்படியே உறைக்குள் திணித்து வைத்திருந்தேன். ஒரு காலில் கரிசல் அப்பியிருந்தது. அடியிலிருந்து மண் ஏறிய இடம்வரை அப்பா விரல் விரித்து அளந்தார். ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது. கொஞ்சம் மண்ணைக் கிள்ளி உருட்டிப் பார்த்தார்.

“டிராக்டருக்குச் சொல்லிரு. நாளைக்கே விதைச்சிரலாம்.”

முளைப்பு நன்றாகவே வந்தது. கால் கூடியதும் அப்பா அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். இதைவிட நல்ல படங்கள் எத்தனையோ இருக்கின்றன என்று நான் சண்டை போட்டுப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. ஆணி அடித்து மாட்டி, தள்ளி நின்று பார்த்து, திரும்ப வந்து சட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். சட்டம் கோணலாகத் தொங்க, எங்கள் காடு மட்டமாக நின்றது. இன்றுவரை அதை யாரும் நிமிர்த்தவில்லை.