தையல் பிரிவின் நூறு சதவீதத் திருப்தி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் கடைக்கோடி அறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துக் கொடுப்பவளை எல்லோரும் தையலம்மா என்பார்கள். இருபத்தாறு வருஷமாக ஜன்னலில்லாத அந்த அறைக்கு அவளே ராணி, அவளே பிரஜை. கைக்குழந்தையோடு அவளைத் தனியே விட்டுப்போன புருஷன் போகும் அன்றுதான் ரொம்பப் பாசமாகப் பேசினான். அதிலிருந்து யார் தேனொழுகப் பேசினாலும் அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தும்.

அதனால், ‘பணியாளர் திருப்திக் கணக்கெடுப்பு’ என்று நாலு பக்கத் தாள் ஒன்று கைக்கு வந்ததும் மடித்துப் பைக்குள் போட்டு, வீட்டில் மகளிடம் நீட்டினாள்.

“பேரே கேக்கலம்மா. மனசுல இருக்குறத எழுத வேண்டியதுதானே?”

“பேரு கேக்காம நம்ம சுகதுக்கத்த எவன்டி விசாரிப்பான்? இதுல ஏதோ இருக்கு. படி.”

பதினோராவது கேள்வியில் அவளுக்குத் திக்கென்றது. வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் போதுமானதா? இரண்டு வருஷமாக அவளுக்கு ஊசிக்காது தெரிவதில்லை. காலையில் மகள் நூல் கோர்த்துத் துணியில் குத்திக் கொடுக்கும் இருபது ஊசிகளில்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“பத்தலன்னு போட்டுடவா? லைட் கேட்டு மனு வேற கொடுத்திருக்கியே.”

“மனுவுல பல்பு பழசுன்னுதான் எழுதினேன். இங்க பத்தலன்னா கண்ணச் சோதிக்கக் கூப்பிடுவான். போன வருஷம் இதே தாள்ல முதுகு வலின்னு எழுதின சலவைக்காரர் இப்ப எங்க இருக்காரு? வீட்டுல. பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குடி. எல்லாத்துக்கும் ‘மிக நன்று’ போடு.”

மகள் தலையில் அடித்துக்கொண்டு நாற்பது கட்டங்களிலும் டிக் அடித்தாள்.

ஒரு மாதம் கழித்து முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். துணி மடிக்கும் பெண்கள் உரக்க வாசித்தார்கள். மடிக்கும் பிரிவு, நாற்பத்தொரு சதவீதம் திருப்தி. தையல் பிரிவு, நூறு சதவீதம். பங்கேற்றோர், ஒருவர்.

“உலகத்துலயே சந்தோஷமான ஆளு நீங்கதான்க்கா!”

பேரைக் கேட்காமலே ஊருக்குத் தெரிய ஒட்டிவிட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. தான் சந்தேகப்பட்டது சரிதான் என்பதில் துளி பெருமையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மறுநாள் மதியம் மேனேஜர் கூப்பிட்டு, மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். அதுவே சரியாகப் படவில்லை.

“லைட் கேட்டு மனு கொடுத்திருக்கீங்க. ஆனா வெளிச்சம் மிக நன்றுன்னு உங்க பிரிவு சொல்லுது. அந்த லைட்ட மடிக்கிற பிரிவுக்குக் கொடுத்தாச்சு. மனுவ வாபஸ் வாங்கிட்டா ஃபைல மூடிடலாம்.”

பிரிவு சொல்லுதாமே! பிரிவே நான்தானய்யா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

“ஏம்மா, பார்வையில ஏதாவது சிரமமா?”

அக்கறையா, ஆழம் பார்க்கிறாரா என்று பிடிபடவில்லை.

“எனக்கென்ன சார்? கழுகுக் கண்ணு.”

“அப்ப இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

எங்கே என்று கேட்டால் தொலைந்தது. தாளின் அடியில் கோடு மாதிரி மங்கலாகத் தெரிந்த இடத்தில் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

மேனேஜர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“அம்மா, இது நான் கையெழுத்துப் போடற இடம்.”

“வெளிச்சம் பத்தல சார், அதான்.”

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். உச்சி வெயில் மேசை முழுக்க விழுந்து கிடந்த அந்த அறையில் நான்கு டியூப்லைட்டுகளும் எரிந்துகொண்டிருந்தன.