இரண்டு மருந்துக்கு நடுவே ஒன்றரை மணி நேரம்

1987 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்கு அன்று தண்ணீர் முறை இல்லை. முந்தின நாள் பிடித்து வைத்ததில் இரண்டு குடம் மிச்சம் இருந்தது. வாசல் தெளித்தேன். ஐந்தே காலுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்தேன். ஐந்தரைக்கு என் கணவரை எழுப்பிப் பின்வாசலுக்கு அழைத்துப் போய் மாத்திரைகளைக் கொடுத்தேன். முதலில் சிவப்புக் கேப்சூல், பிறகு வெள்ளை மாத்திரைகள் ஒவ்வொன்றாக. டைரியில் அன்றைய பக்கத்தின் மேல் ஓரத்தில் 57 என்று எழுதினேன். காசநோய் மாத்திரை ஆரம்பித்து அது ஐம்பத்தேழாம் நாள். ஒரு நாள்கூட விட்டதில்லை.

ஆறு மணிக்கு மதினி எழுந்தார். மதினி என் கணவரின் அக்கா, மகாராஜபுரத்தில் வாக்கப்பட்டவர். தம்பிக்கு மஞ்சள்காமாலை என்று கேள்விப்பட்டு நான்கு நாளாக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கீழாநெல்லியை வேரோடு அலசி, அம்மியில் வெண்ணெயாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கலக்கி, சரியாக ஏழு மணிக்குத் தம்பியின் கையில் கொடுத்தார். வெறும் வயிற்றில் முதல் மருந்தாக அதுதான் இறங்க வேண்டும் என்பது வைத்தியர் சொன்ன முறை. ஐந்தரை மணிக்கு நடந்தது மதினிக்குத் தெரியாது; காமாலை கண்டதுமே மாத்திரையை நிறுத்திவிட்டோம் என்று நினைத்திருந்தார்.

இரண்டு மருந்துக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் இருந்தால் ஒன்றோடொன்று சேராது என்று நானாகக் கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இராஜபாளையத்தில் ஒரு பாண்டேஜ் கம்பெனியில் செக்கிங் வேலை. மேசையில் துணியை விரித்து, இழை விட்ட இடம், முடிச்சு, அழுக்கு எல்லாம் பார்த்துத் தள்ளுவது. கண்ணில் பட்ட குறையை விடமாட்டேன் என்று அங்கே எனக்குப் பெயர். என் கணவர் நூல் மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருந்தார். மூன்று மாதம் இருமிக்கொண்டே வேலைக்குப் போனார். பஞ்சுத் தூசி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சளியில் ரத்தம் பார்த்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜூலை 20 அன்று மாத்திரை தொடங்கியது.

ஒரு நாளும் விடக்கூடாது என்பதில் நான் அப்படிப் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அதே கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு, இதே நோய்க்கு இதே மாத்திரையைச் சாப்பிட்டார். மூன்றாவது மாதம் உடம்பு தேறி, எடை கூடி, சைக்கிள் மிதித்து வேலைக்குப் போக ஆரம்பித்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் நோய் திரும்ப வந்தது. அந்த முறை எந்த மாத்திரைக்கும் அது கேட்கவில்லை; இறந்துபோனார். அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "விடாமக் குடுத்திருக்கணும்க்கா, நான்தான் விட்டுட்டேன்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நான் மறக்கவில்லை.

ஆகஸ்டு கடைசியில் என் கணவருக்குச் சோறு வேண்டாமல் போயிற்று. சோற்றைக் கண்டாலே குமட்டினார். சிறுநீர் கடுஞ்சிவப்பாகப் போனது. மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. செப்டம்பர் 8, செவ்வாய்க்கிழமை, வெயிலில் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தவரின் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் மஞ்சள்காமாலைக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அதற்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது என்பது படித்தவர், படிக்காதவர் எல்லோருடைய முடிவு. எங்கள் கம்பெனி முதலாளி வீட்டிலும் கீழாநெல்லிதான் கொடுத்தார்கள். ஆகவே வியாழக்கிழமை மதினி வழிகாட்ட, வத்திராயிருப்புப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருந்த ஒரு வைத்தியரிடம் போனோம். வயதானவர், அதிகம் பேசவில்லை. கண்ணைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"இங்கிலீஷ் மருந்து ஏதும் ஓடுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா" என்றேன்.

"இருமலுக்கு, காய்ச்சலுக்குன்னு எதும் சாப்பிடுதாரா?"

"இல்லை."

"யோசிச்சுச் சொல்லும்மா. எதும் ஓடிச்சுன்னா நான் இதைத் தரமாட்டேன்."

மூன்றாவது தடவையும் இல்லை என்றேன். சொன்னால் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். நிறுத்தினால் மூன்றாவது வீட்டுக்காரர் கதிதான். வைத்தியர் ஏழு நாள் மருந்து சொன்னார். உப்பு, புளி, எண்ணெய் கூடாது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் என் காதருகே சொன்னார்: "ஏட்டி, ரெண்டையும் உள்ள தள்ளு. ரெண்டும் மல்லுக்கட்டி எது செயிக்குதோ, அதுக்கு மாலை போட்டுருவோம்." முன்சீட்டிலிருந்த மதினி திரும்பிப் பார்த்து, "என்னலே சிரிப்பு?" என்றார். "ஒன்னுமில்லக்கா, பத்தியச் சோத்தை நெனைச்சேன், சிரிப்பா வருது" என்றார்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். அன்று மாத்திரை வாங்கும் நாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு எட்டே முக்கால் பஸ்ஸில் தனியாகக் கிளம்பினேன். என் கணவரைக் கூட்டிப் போகவில்லை. மஞ்சள் கண்ணைப் பார்த்தால் மாத்திரை தரமாட்டார்கள் என்ற பயம். முந்தின தடவையும் தனியாகப் போய், "நல்லா இருக்காங்க" என்று சொல்லி வாங்கி வந்திருந்தேன்.

மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் எனக்கு முன்னால் ஒரு கிழவர் நின்றார். சிஸ்டர் அவருடைய அட்டையை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"சாப்பிடுதீகளா? வாந்தி இருக்கா? கண்ணு மஞ்சளா இருக்கா?"

"கண்ணு ஏம்மா மஞ்சளாகப் போகுது?" என்றார் கிழவர்.

"தாத்தா, இந்த மாத்திரை சில பேருக்கு ஈரலைப் பதம் பாத்துரும். அப்ப கண்ணு மஞ்சளிக்கும். மஞ்சளிச்சா மாத்திரையை அன்னைக்கே நிப்பாட்டிட்டு ஓடி வரணும். வீட்ல வச்சுக்கிட்டு இருக்கக்கூடாது."

டைரி என் பையில் இருந்தது. வரிசையில் நின்றபடியே ஜூலை 20ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். ஆஸ்பத்திரியில் அன்று சொன்னதையெல்லாம் வரிசை எண் போட்டு எழுதியிருந்தேன். ஐந்தாவதாக, என் கையெழுத்தில், "கண் மஞ்சளானால் வரவும்" என்று இருந்தது. மறந்துபோனேன் என்று எழுதினால் பொய். செப்டம்பர் 8 அன்றே அந்த வரி எனக்கு ஞாபகம் வந்தது. வரவும் என்று மட்டும் எழுதியிருந்தேன், ஏன் என்று எழுதவில்லை. நெஞ்சில் ஒரு நோய், அதற்கு ஒரு மருந்து; கண்ணில் ஒரு நோய், அதற்கு வேறு மருந்து. இப்படித்தான் என் புத்தி போயிற்று. முதல் நோயின் மருந்துதான் இரண்டாவது நோய் என்று தோன்றவே இல்லை.

என் முறை வந்தது. சிஸ்டர் அதே கேள்வியைக் கேட்டார். அட்டையை நீட்டினேன். "மஞ்சளா இருக்கு" என்றேன்.

"எப்ப இருந்து?"

"இன்னைக்கு ஏழாவது நாள்."

"மாத்திரையை நிப்பாட்டிட்டீங்கள்ல?"

"இல்ல சிஸ்டர். இன்னைக்குக் காலையிலயும் குடுத்தேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். டாக்டரம்மா வெளியே வந்தார். என்னைவிட இளையவர். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "ஆளு எங்க?" என்றார். வீட்டில் என்றேன். "தூக்கமா கெடக்காரா? பேச்சு ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டார். இரண்டு நாளாகப் பகலிலும் தூங்குகிறார் என்றேன். பத்தியச் சோற்றின் அசதி என்று அதையும் டைரியில் எழுதியிருந்தேன்.

"போய் உடனே கூட்டிட்டு வாங்க. பஸ்ல வேண்டாம், காரு பிடிச்சு வாங்க."

இராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. ஏழு நாள், ஒவ்வொரு நாளும் மாத்திரைகள், ஒவ்வொன்றும் என் கையால். ஒரு வேளையாவது மறந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். மறக்கவில்லை. எல்லா நாளும் எண் போட்டிருந்தேன்.

வீட்டில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மதினி பத்தியக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மதினி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வாசல்ல காரு நிக்கு."

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருச்சா? நாலு நாள்தான ஆச்சு மருந்து குடுத்து? ஏழு நாள்னு வைத்தியரு சொன்னாருல்ல? நடுவுல ஊசியப் போட்டு என் தம்பியக் கொன்னுராத."

"மாத்திரை நிக்கவே இல்ல மதினி. தெனமும் அஞ்சரைக்குக் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த மாத்திரையாலதான் காமாலையாம்."

கரண்டி அவர் கையிலேயே இருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"வைத்தியர்ட்ட இல்லன்னு சொன்ன. மூணு தடவ கேட்டாரு மனுசன். நான் பக்கத்துல நின்னேன். என்னையும்ல பொய்க்காரியாக்கிட்ட? ஒன் டைரியில இதையும் எழுதி வச்சியா?"

எழுதியிருந்தேன். "வைத்தியரிடம் சொல்லவில்லை" என்று வியாழக்கிழமைப் பக்கத்தில் இருந்தது. என் கணவரை எழுப்பப் போனேன்.

எழுப்பினதும் எழுந்துவிட்டார், ஆனால் வேட்டியைக் கட்டத் தெரியாமல் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிவிட்டோம். கார் ஏறும்போது, "எந்த சிப்ட்டு?" என்று கேட்டார். மதினி உடனே, "ஏலே, வெளையாடாத" என்று அதட்டினார். அது விளையாட்டில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மணி பன்னிரண்டு பத்து. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா எல்லா மாத்திரைகளையும் நிறுத்தச் சொன்னார். கீழாநெல்லியையும் நிறுத்தச் சொன்னார். மதினி விடவில்லை:

"கீழாநெல்லி கெடுதலாம்மா? எங்க ஊர்ல அத்தன பேருக்கும் அதான் கேட்டிருக்கு."

"கீழாநெல்லியை நான் ஒன்னும் சொல்லலம்மா. உள்ள வெசம் போய்க்கிட்டே இருக்கும்போது மேல எதைக் குடுத்தாலும் என்ன ஆகும்? அதை நம்பி நாலு நாள் போச்சு பாருங்க, அதுதான் நஷ்டம்."

மதினி என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டிக்கொண்டார். நான் கேட்டேன்: "மாத்திரையை நிப்பாட்டுனா நெஞ்சுல உள்ளது திரும்பிராதா?"

"திரும்பலாம். அதுக்காக இப்பக் குடுக்க முடியுமா? ஈரல் தேறுச்சுன்னா ஒவ்வொரு மாத்திரையா திருப்பி ஆரம்பிப்போம். மொதல்ல தேறட்டும்."

தேறாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: ராத்திரி நன்றாகத் தூங்கட்டும். காலையில் எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள். ஊர், கிழமை, ஆட்கள் தெரிகிறதா என்று பாருங்கள். பேச்சு குழறினாலோ எழுப்பியும் எழுந்திருக்காவிட்டாலோ சற்று நேரம்கூடத் தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அன்று மத்தியானம் முழுவதும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதமாக என் நாள் முழுவதும் அவருக்கு எதைக் கொடுப்பது, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதாகவே இருந்தது. இப்போது கொடுப்பதற்கு எதுவும் இல்லை. கொடுத்தால் ஈரல் போகும், கொடுக்காவிட்டால் நெஞ்சு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நின்றேன். டைரியை எடுத்து மூன்று வரி எழுதிவிட்டு மூடினேன். நாலு மணிக்கு மதினி வெளியே போய் ஒரு டம்ளர் டீ வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"குடி."

"வேண்டாம் மதினி."

"குடிட்டி. நீயும் விழுந்தா நான் ஒருத்தி எம்புட்டுப் பேரைத் தூக்குவேன்?"

குடித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சாயங்காலம் என் கணவர் கண் திறந்து, அக்காவைப் பார்த்து, "கஞ்சி வேண்டாம்" என்றார். அக்காவை அடையாளம் தெரிந்து சொன்னாரா, யாரோ கஞ்சி கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இருட்டியதும் தூங்கிவிட்டார். தூங்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் எழுப்பாமல் விட்டோம்.

மறுநாள் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு விழித்தேன். மதினி தரையில் முந்தானையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் முகம்கூடக் கழுவவில்லை. என் கணவரின் தோளைப் பிடித்து அசைத்தேன். மூன்று தடவை அசைத்த பிறகு கண் திறந்தது. மஞ்சள் குறையவில்லை.

"ஏங்க, இன்னைக்கு என்ன கிழமை?"

என்னையே பார்த்தார். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"கிழமையைச் சொல்லுங்க. என்ன கிழமை?"

"செவ்வா."

"இது எந்த ஊரு?"

சுற்றிலும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சீவில்லிபுத்தூரு" என்றார். பிறகு மெதுவாக, "ஏட்டி, பரீச்சை முடிஞ்சுச்சா, இன்னும் இருக்கா?"

இன்னும் இருக்கிறது என்று சொல்லி, கீழே படுத்திருப்பது யார் என்று கேட்டேன்.