வரதராஜன்பேட்டைக் கத்தரித் தண்டு

திருச்சியிலிருந்து அரியலூர் வந்து, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஜெயங்கொண்டம் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அடுத்த பஸ், முந்திரித் தோப்புகளைத் தாண்டி வரதராஜன்பேட்டையில் இறக்கிவிட்டது. நோயுற்ற செடிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. இங்கிருந்து அனுப்பிய கத்தரிச்செடி வழியிலேயே அழுகிவிட்டதால், சாறு எடுக்க நானே போக வேண்டியதாயிற்று.

அழைத்தவர் ஆரோக்கியமேரி, பள்ளி ஆசிரியை. அவருடைய கத்தரிச் செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு சாய்ந்தன. பக்கத்துக் கொல்லைக்காரர் செல்வராசு அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து விழுந்ததுதான் காரணம் என்று அவர் நம்பினார். சில வாரங்களாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை. செல்வராசு தன் வரப்பைவிட்டு நகராமல் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

துவண்ட செடியின் அடித்தண்டைச் சாய்வாக வெட்டி, கண்ணாடி டம்ளரிலிருந்த தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் நனையப் பிடித்தேன். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, நல்ல செடியின் தண்டை வெட்டி இன்னொரு டம்ளரில் டீச்சரைப் பிடிக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் என் டம்ளரில் பால்போன்ற மெல்லிய நூல் ஒன்று கீழே இறங்கியது. அவருடையது தெளிவாகவே இருந்தது. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறிய பாக்டீரியா இது, மருந்தின் வேலை அல்ல என்றேன். ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்ய, தண்டுச் சாற்றைச் சோதனைத் தாளில் ஒற்றி நிழலில் உலர்த்தினேன்.

டீச்சர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு வரப்புப் பக்கம் திரும்பினார்.

"செல்வராசு, நீங்களும் வந்து பாருங்க. தப்பு எம்மேலதான்."

அவர் வந்து குனிந்து பார்த்தார். தன் மிளகாய்க்கும் இது வருமா என்று கேட்டார். வரும், பாயும் தண்ணீரோடு அங்கேயும் பரவிவிடும் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தன் வயலிலிருந்து அவர் கொல்லைக்குப் போகும் மடையை அடைக்கப் போய்விட்டார். செல்வராசு பின்னாலேயே போய் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். கத்தரியைப் பிடுங்கி எரித்துவிட்டு அடுத்து இந்த நோய் தாக்காத மக்காச்சோளம் போடலாம் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள்.

செல்வராசுதான் பைக்கில் என்னை பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டார். டீச்சர்மேல் கோபமாக இருந்ததா என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க சார். கொல்லைக்கு வந்தா பேச ஆளில்லாம போயிடுச்சு. அதான் கஷ்டமா இருந்துச்சு."

திருச்சியில் எங்கள் மேசைக்குச் செடிகள் வெறும் எண்களாகத்தான் வரும். எந்த எண்ணுக்குப் பின்னால் யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.