சரீர உத்தானத்துக்கு ஒரு விண்ணப்பப் படிவம்

ஜேர்மனியில் எல்லாவற்றுக்கும் முடிவுத் திகதி உண்டு என்பது வந்த புதிதிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. பாலுக்கு உண்டு, பேருந்து அட்டைக்கு உண்டு, அகதிக்கு உண்டு. முதலில் மூன்று மாதம், பிறகு ஆறு மாதம், பிறகு ஒரு வருடம் என்று கந்தோர் கந்தோராக ஏறி முத்திரை குத்துவித்துத்தான் நானும் மனைவி றெஜினாவும் இந்தச் சின்ன நகரத்தில் நிலைகொண்டோம். ஆனால் செத்தவர்களுக்கும் முடிவுத் திகதி உண்டென்று அறிந்தது, ஊரில் யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் வந்த ஒரு கடிதத்தில்தான். நகரத்துச் சேமக்காலை அலுவலகம் அதை அனுப்பியிருந்தது. பிரேதங்களை அடக்கம் செய்யும் இடத்தை மன்னார்க் கத்தோலிக்கர் நாங்கள் சேமக்காலை என்போம். அமலியின் ‘றூஹெற்சைட்’, அதாவது ஓய்வுக் காலம், இந்த ஆண்டோடு முடிகிறது. மாரிக் குளிர் தொடங்குமுன் கல்லை அகற்றி, நிலத்தை மட்டப்படுத்திப் புல் விதைப்போம் என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள்.

அமலி எங்கள் மூத்த பிள்ளை. நாங்கள் வந்த முதல் மாரியில் பிறந்து பதினொரு நாள் இருந்தாள். பின்னால் பிறந்த இரண்டு பெடியன்களும் தாடி வளர்த்துப் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் நிரந்தர வதிவுரிமை கிடைத்துவிட்டது. இங்கேயே பிறந்து இங்கேயே போன அவளுக்கு மட்டும் விசா முடிந்துவிட்டது.

றெஜினா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். “எழுப்பிறதுக்கு இவையள் ஆர்?” என்று கேட்டாள். “ஆண்டவர் எழுப்பேக்க அவள் எழும்பட்டும். அதுக்கு முன்னம் ஒருத்தரும் என்ர பிள்ளையை எழுப்பக்கூடாது. போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ.”

அவள் சொன்னது புதிதொன்றும் இல்லை. மன்னாரில் எங்கள் ஊரான பேசாலையில் பிறந்த எவருக்கும் பல் முளைக்குமுன் வாய்க்கு வந்துவிடும் விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வரிகள்தான். சர்வேசுரன் வானத்தையும் பூமியையும் படைத்தார், அவருடைய ஒரே மகன் பாடுபட்டு மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தார், நடுத்தீர்க்க மறுபடி வருவார் என்று ஒரே மூச்சில் ஓடி, “சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன், நித்திய சீவியத்தை விசுவசிக்கிறேன்” என்று முடிப்போம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த ஓட்டத்தைக் கேட்டால், கடைசி ஆளாக ஆமென் சொல்பவருக்கு மோட்சத்தில் இடம் கிடையாது என்று யாரோ பயமுறுத்தி வைத்ததுபோல இருக்கும். சரீர உத்தானம் என்றால் உடல் உயிர்த்தெழுதல் என்று ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் பொருள் சொன்ன நாளில் எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தம்பியான சின்னையா கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருடம் அது. நான் எழுந்து நின்று, சின்னையாவை மீன் தின்றிருந்தால், அந்த மீனை நாங்கள் பிடித்துத் தின்றிருந்தால், கடைசி நாளில் சின்னையா எங்கேயிருந்து எழும்புவார் என்று கேட்டேன்.

வகுப்பு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு பிரம்பைப் பார்த்தது. உபதேசியார் பிரம்பைத் தொடவில்லை. “மீனைப் படைச்சவருக்கு மீன்ர வயித்துக்குள்ள கிடக்கிறதை எடுக்கத் தெரியாதோடா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவுக்குப் போதவில்லை. அந்த வருடம் முழுக்க அவர் பெரிய மீன் வாங்கவில்லை. சூடையும் நெத்தலியும்தான் சட்டிக்கு வந்தன.

சேமக்காலை அலுவலகத்தில் இருந்தவர் ஃபிறவ் பெக்கர் என்ற பெண்மணி. எனக்குத் தெரிந்தவர்தான். கோவிலில் ஞாயிறுதோறும் எங்களுக்கு இரண்டு வாங்கு முன்னால் இருப்பார். பிள்ளைகளின் கல்லறைகளை நீடிக்கச் சட்டம் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு, குடும்பக் கல்லறை ஒன்று எடுத்தால் பிள்ளையை அதற்கு மாற்றலாம், அதை மட்டும் நீடித்துக்கொண்டே போகலாம் என்று ஒரு படிவத்தை எடுத்தார். எவ்வளவு காலத்துக்கு வேண்டும் என்று கேட்டார்.

“உயிர்த்தெழும் நாள் வரை” என்றேன்.

அவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி, “அது எப்போது?” என்றார்.

“தெரியாது. திருடனைப் போல வரும் என்று சொல்லியிருக்கிறது.”

ஃபிறவ் பெக்கரின் முகம் மாறியது. போன மாதமும் இரண்டு செம்பு விளக்குகள் காணாமற்போனதாகச் சொல்லிக்கொண்டு இலாச்சியைத் திறந்து இன்னொரு படிவத்தை வெளியே எடுத்தார். திருடன் எப்படி இருந்தான், எத்தனை மணிக்குக் கண்டேன் என்று கேட்டார். எனக்கிருந்த கொஞ்சநஞ்ச டொச்சை, அதாவது ஜேர்மன் மொழியை, வைத்துக்கொண்டு, நான் சொன்ன திருடன், வேதத்தில் சொன்னபடி முன்னறிவிப்பின்றி வரப்போகும் நம்முடைய ஆண்டவர்தான் என்று விளக்கிமுடிக்கக் கால் மணித்தியாலம் சென்றது. விளங்கியதும் அவர் காது சிவக்கச் சிரித்தார். ஞாயிறுதோறும் உயிர்த்தெழும் வரியைத் தானும் சொல்வதாகவும், திங்கட்கிழமை அலுவலகத்தில் அது வரும் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. ஒரு கடிதம் வரும்வரை நானும் அதைக் கோவில் வாசலில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போய்வந்தேன்.

காலத்துக்கு இருபது வருடம் என்று எழுதினோம். அடுத்த கட்டத்தில் சிக்கிக்கொண்டேன். அந்தக் குடும்பக் கல்லறையில் எத்தனை பேர், யார் யார் என்று படிவம் கேட்டது. ஐப்பசிக்குள் தந்தால் போதும் என்றார் ஃபிறவ் பெக்கர். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் றெஜினா தன் பெயரையும் அமலியின் பெயரையும் மையால் எழுதினாள். மூன்றாம் இடத்தில் என் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்தாள்.

பென்சிலுக்குக் காரணம் இருந்தது. எனக்கு ஒரு அண்ணன். சண்டைக் காலத்தில் அவர் வள்ளமேறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இருந்தார். நான் விமானம் ஏறி இங்கே வந்தேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “செத்தால் என்னை ஊரிலதான் வைக்கவேணும்” என்று நான் சொல்வதும், “நான் திரும்பிப் போனால் உனக்கும் இடம் பிடிச்சு வைப்பன்” என்று அவர் சொல்வதும் எங்களுக்குள் ஒரு செபம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த றெஜினா ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை.

அந்த ஆவணியில் ஊருக்குப் போனேன். அண்ணன் முகாமிலிருந்து திரும்பி வந்து, பழைய வளவில் தகரமும் புதுச் சுவருமாக ஒரு வீட்டைப் போட்டிருந்தார். அண்ணி முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். வந்த இரண்டாம் நாளே அண்ணன் என்னைச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊர் வெறுமையாய்க் கிடந்த காலத்தில் மதில் விழுந்து, கழுதைகள் உள்ளே புகுந்து, இருந்த மரச் சிலுவைகளில் முதுகு சொறிந்து சொறிந்தே அவற்றை விழுத்திவிட்டனவாம். இப்போது மதில் புதிதாக எழும்பியிருந்தது. குடும்பத்துக்கு ஒரு கல் வைத்துக்கொள்ளும்படி கோவிலில் சொல்லியிருந்தார்கள். எங்கள் கல்லில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தவர் சிலாவத்துறையைச் சேர்ந்த கபூர் நானா. அவரும், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது போய், இருபது வருடத்துக்குப் பிறகு புத்தளத்திலிருந்து திரும்பி வந்தவர்தான்.

நான் ஜேர்மன் கடிதத்தின் கதையைக் கோபமாகச் சொன்னேன். செத்த ஆளை இருபது வருடத்தில் கிளப்புகிற நாடும் ஒரு நாடா என்று கேட்டேன். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இஞ்ச மட்டும் என்னடா? அப்பாவை இறக்கேக்க பெரியப்புவின்ர எலும்பை ஒரு பக்கம் ஒதுக்கித்தான் இறக்கினது. அம்மாவை வைக்கேக்க அப்பாவைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொன்னம். அவங்கள் கிளப்புறாங்கள், நாங்கள் நெருக்கிறம். அவ்வளவுதான் வித்தியாசம்.”

கபூர் நானா உளியை நிறுத்தினார். “உங்கட வேதத்திலயும் கடைசியில எல்லாரும் எழும்புறதுதானே?”

“ஓம் நானா. உடம்போட” என்றேன்.

“எங்களுக்கும் அப்படித்தான். அதில சண்டை இல்ல” என்றார். “நாங்க திரும்பி வந்து பாத்தா, எங்கட வளவு எது எண்டே தெரியல்ல. ஒரே பத்தைக்காடு. கிணத்தைத் தேடிக் கண்டுபிடிச்சுத்தான் வீடிருந்த இடத்தைக் கண்டுபிடிச்சம். அல்லாஹ்வுக்கு ஆருட வளவு எங்க எண்டு தெரியும். அவனுக்குக் கல்லு தேவையில்ல. கல்லு நமக்குத்தான்.”

“நமக்குத்தான் எண்டாலும் நேரா நிக்கவேணும், நானா. உங்கட கல்லு கிழக்கால சரியுது” என்றார் அண்ணன்.

சரிகிறதா என்று பார்க்கத்தான் குனிந்தேன். அப்பா, அம்மா, சின்னையா என்று வரிசையாகப் பெயர்கள். சின்னையாவின் பெயர் இருந்தாலும் மண்ணுக்குள் அவர் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதற்கடுத்த பெயரை நான் எதிர்பார்க்கவில்லை. அமலி. வெட்டிய எழுத்தில் தூசிகூட இன்னும் போகவில்லை. இருபது வருடத்துக்கு முன் மண்டபம் முகாமுக்கு நான் எழுதிய ஒரு கடிதத்தில்தான் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தேன். அதற்கு மறுமொழி வரவில்லை. அதன்பிறகு நாங்கள் அதைப்பற்றிப் பேசியதும் இல்லை. அண்ணன் மறந்துவிட்டார் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

“என்ர பெறாமகள் எல்லோ” என்றார் அண்ணன், என்னைப் பாராமல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு. “எங்க கிடந்தாலும் எங்கட பிள்ளைதானே. அதுக்குக் கீழ உனக்கும் றெஜினாவுக்கும் இடம் விட்டிருக்கு. நீ ஒரு சொல்லுச் சொன்னால் காணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கபூர் நானா எழுந்து, தண்ணீர் குடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு மதில் பக்கம் போனார். ஜேர்மனியில் றெஜினா பென்சிலால் எழுதிவைத்த என் பெயர் நினைவுக்கு வந்தது. ஆனால் இது இருபது வருடம் நானே கேட்டுக் கேட்டு வாங்கிய இடம். வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வந்து றெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் அமலியின் பெயர் இருப்பதைச் சொன்னபோது கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் மறிக்கமாட்டன். ஆனால் கடைசி நாளில அவள் எழும்பேக்க, பக்கத்தில ஆரும் இல்லாட்டி அந்தப் பிள்ளைக்கு எங்க போறதெண்டு தெரியுமோ? பதினொரு நாள் பிள்ளை.”

சரீர உத்தானத்தைப் பற்றி என் வாழ்நாளில் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகவில்லை. பதினொரு நாள் பிள்ளை கடைசி நாளில் எந்த வயதோடு எழும்பும், நடக்குமா தவழுமா என்று எனக்குத் தெரியாது. உபதேசியாரிடம் கேட்காமல் விட்டதும் அதுதான். ஆனால் தூக்குவதற்கு ஒருவர் வேண்டும் என்பது தெரியும். தாயும் தகப்பனும் இருவரும் நின்றால் நல்லது. நான் பேனை எடுத்து, பென்சில் எழுத்தின்மேலேயே என் பெயரை எழுதினேன்.

ஐப்பசியில் அமலியை மூன்று வரிசை தள்ளி, ஒரு பேர்ச் மரத்தடிக்கு மாற்றினார்கள். ஃபிறவ் பெக்கர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வேலையாக அல்ல, சும்மா வந்து நின்றார். எங்கள் குடும்பத்தில் ஒருமுறையும் இடம்பெயராத ஆள் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவளும் இடம்பெயர்ந்து மீளக்குடியேறிவிட்டாள்.

அன்று பின்னேரமே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அண்ணை, எங்கட ரெண்டு பேரின்ர பேரையும் இப்பவே வெட்டச் சொல்லுங்கோ. இடம் விடவேண்டாம்.”

“ஆக்கள்?”

“ஆக்கள் இஞ்ச. பிள்ளைக்குப் பக்கத்தில.”

அந்தப் பக்கம் கடல் இரைவது மட்டும் கேட்டது. கோபித்துவிட்டார் என்றே நினைத்தேன். கடைசியில், “சின்னையாவுக்கு ஒரு கூட்டு வேணும்தான்” என்றார். “அவரை மீன் திண்டது. உன்னைக் குளிர் தின்னப்போகுது.” அதோடு தொலைபேசியை வைத்துவிட்டார்.

கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி, மரித்தவர்களுக்காகச் செபிக்கும் நாள், நானும் றெஜினாவும் மத்தியானம் போய்ப் பேர்ச் மரத்தடியில் சிவப்புக் கண்ணாடி விளக்கொன்றைக் கொளுத்தினோம். கையுறையோடு தீக்குச்சி பிடிக்க வரவில்லை, கழற்றினால் விரல் வளையவில்லை. அப்போது பேசாலையிலிருந்து அண்ணனின் மகள் ஜெனிற்றா தொலைபேசி எடுத்தாள். அங்கே பொழுது சாய்கிற நேரம். ஊர் முழுக்கச் சேமக்காலையில் நின்றது. பின்னால் செபமாலை கேட்டது.

“சித்தப்பா, ஒரு சந்தேகம்” என்றாள். “எல்லாற்ற பேருக்கும் மெழுகுதிரி கொளுத்திப்போட்டன். அமலி அக்காவுக்கும் கொளுத்திட்டன். உங்கட பேரும் சித்தியின்ர பேரும் கல்லில கிடக்கு. நீங்கள் உயிரோட இருக்கிறியள். உங்களுக்குக் கொளுத்திறதோ விடுறதோ? பக்கத்துக் கல்லுக்காரர் சிரிக்கினம்.”

றெஜினாவைப் பார்த்தேன். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று நின்றாள். அதற்குள் தூரத்திலிருந்து அண்ணனின் குரல் கேட்டது, கடற்கரையில் வள்ளத்தைக் கூப்பிடுகிற அதே குரல்.

“கொளுத்து பிள்ளை, ரெண்டையும் கொளுத்து. அதுகள் அங்க குளிரில நிக்குதுகள்.”