சிவப்பு விளக்கில் வலப்பக்கம்

மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பினால் குற்றம். பாலத்தைக் கடந்து லவாலுக்குள் போய்விட்டால் அதே சிவப்பில் ஒருமுறை நின்று, இரு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். திரும்பாமல் நின்றால் பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்தே காதைச் செவிடாக்கிவிடுவான். ஒரே மாகாணம், ஒரே கார், ஒரே விளக்கு. இடையில் ஓடுவது ஒரு ஆறு மட்டும்தான். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு விசர்க்கதை போல இருக்கும். பொலிஸ் எழுதும் தண்ட ரிக்கற் கையில் கிடைக்கும்வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வந்ததிலிருந்து வதிவிட அட்டை கிடைக்கும்வரை லவாலில் மச்சான் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தேன். கார் ஓடப் பழக்கியதும் மச்சான்தான். சிவப்பில் மரம் மாதிரி நிற்காதே, பார்த்துத் திரும்பு என்று பக்கத்தில் இருந்து நச்சரிப்பான். பிறகு உணவகங்களின் மேசைத் துணிகளை வெளுக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, தீவுக்குள் ஒரு ஒற்றை அறைக்கு மாறினேன். மாறிய சில கிழமைகளுக்குள் ஒருநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், மச்சான் பழக்கியபடியே நின்றேன், பார்த்தேன், திரும்பினேன். பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்குகள் சுழன்றன.

காரை ஓரமாக நிறுத்தினேன். லைசன்ஸையும் வதிவிட அட்டையையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன். இரண்டையும் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி பொலிஸ் காரை நோக்கி நடந்தேன். ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் ஏதோ சத்தம் வந்தது. கெதியாக வரச் சொல்கிறார்கள் என்று நினைத்து நடையைக் கூட்டினேன். பொலிஸ்காரர் தன் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்தார். அந்தக் கை எங்கே போகிறது என்பது விளங்க எந்த மொழியும் தேவையில்லை. அப்படியே நின்று, அட்டைகளோடு இரண்டு கைகளையும் தூக்கினேன். நடைபாதையில் நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண் நாயை இழுத்துக்கொண்டு ஒரு வீட்டுப் படிக்கட்டில் ஏறிவிட்டாள்.

நான் பிறந்த மன்னாரும் ஒரு தீவுதான். சண்டைக் காலத்தில் பாலத்தடியில் சோதனைச் சாவடி இருந்தது. பஸ் என்றால் எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கவேண்டும். சைக்கிள் என்றால் தூரத்திலேயே இறங்கி உருட்டவேண்டும். துவக்கு வைத்திருப்பவன் நிற்கும்போது நீங்கள் குந்தியிருந்தால் அது திமிர். சீற்றில் இருந்தபடி அட்டையை நீட்டிய ஒருவனுக்கு என்ன நடந்தது என்பதை வரிசையில் நின்ற நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அதன் பிறகு இந்தச் சட்டத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. கனடாவில் எல்லாம் மறுவளம். நீங்கள் சீற்றிலேயே இருக்கவேண்டும், கைகள் ஸ்ரியரிங்கில் தெரியவேண்டும், அவர்தான் உங்களிடம் வருவார். மச்சான் கண்ணாடி பார்க்கவும் பின்பக்கமாக நிறுத்தவும் பழக்கினான், இதைப் பழக்கவில்லை. அவன் சின்ன வயதிலேயே வந்துவிட்டவன், அவனுடைய கால்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை.

பொலிஸ்காரர் இளம் ஆள். கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்ததும் கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டார். எங்கிருந்து வருகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முன்பு இருந்த இடத்தை நினைத்து லவால் என்றேன். அவர் கேட்டது அதுவா என்பது எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஆனால் லவால் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே சரி, இங்கே சரியில்லை என்று பாலம் இருக்கும் திசையைக் காட்டிச் சொன்னார். சிரித்துக்கொண்டே ரிக்கற்றையும் எழுதினார். போகும்போது, அடுத்த முறை காருக்குள்ளேயே இருங்கள் மெசியே, உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றார். பிறகு பனி அள்ளும் நாட்களில் காரைத் தெருவிலிருந்து எடுக்காமல் விட்டதற்கு வேறு இரண்டு ரிக்கற் வந்தன. எல்லாவற்றையும் கட்டி முடித்து மறந்துவிட்டேன்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தபோதுதான் அவை திரும்ப எழும்பி வந்தன. ஆற்றுக்குத் தென்கரையில், புரோசார்ட்டில் யோகண்ணை இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர். கூலி என்று எதுவும் வாங்கமாட்டார், நல்ல மீன் கொண்டுபோனால் முகம் மலரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளைமீன் வாங்கிக்கொண்டு போனேன். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து மளமளவென்று நிரப்பிக்கொண்டு போனவர், குற்றம் ஏதும் சாட்டப்பட்டதா என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே இல்லை என்று போட்டார்.

"அண்ணை, மூண்டு ரிக்கற் இருக்கு," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது ரோட்டு ரிக்கற். கொலையே செய்தனீ? அவங்கள் உதைக் கேக்கேல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

கேளாததைச் சொல்லிக் கடிதம் வைத்த ஒருவனின் கோப்பு எந்த மேசையில் குந்தியிருக்கிறது என்றே தெரியாமல் கிடந்த கதையையும் சொன்னார். அவர் சொன்னது சரியென்று எனக்கு விளங்கியது. ஆனால் அப்படியே விட எனக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் கேளாததைச் சொல்லாமல் விட்டு ஒருமுறை நான் நன்றாக வாங்கிக் கட்டியவன். அகதி வழக்குக்கு எழுதிக் கொடுத்த கதையில், பாலத்தடி இராணுவ முகாமில் என்னை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்ததை நான் எழுதவில்லை. மறைக்கவில்லை. அது ஒரு விசயமாகவே எனக்குத் தெரியவில்லை. மழையில் நனைந்ததை யாராவது எழுதி வைப்பார்களா? விசாரணையில் பேச்சுவாக்கில் அது வாயில் வந்துவிட்டது. ஏன் இதை எழுதவில்லை என்று விசாரித்தவர் கேட்டார். எல்லாருக்கும் நடந்ததுதானே, பெரிய விசயமில்லை என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். விசாரித்தவர் பேனையைக் கீழே வைத்து என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நம்பத்தகுந்த சாட்சி இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டில் ஏற்றுக்கொள்வதற்குள் வருடங்கள் போய்விட்டன. எது சொல்லவேண்டிய பெரிய விசயம், எது சின்ன விசயம் என்பதை நான் தீர்மானிக்கக்கூடாது என்று அன்றைக்குப் பிடித்த பயம் இன்றுவரை விடவில்லை.

அந்த வருடங்களில்தான் பிலோமினா அக்காவின் கண் மங்கத் தொடங்கியது. தாய் தகப்பன் போன பிறகு எனக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். கலியாணம் கட்டவில்லை, மன்னாரில் தனியாக இருக்கிறாள். இரத்தத்தில் ஏறிய சீனி வருத்தம் இடக்கண்ணை முழுதாகத் தின்றுவிட்டு வலக்கண்ணுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து வட்ஸ்அப்பில் எடுப்பாள். என் முகத்தைப் பார்க்கவென்று போனை அவ்வளவு கிட்டப் பிடிப்பாள், எனக்கு அவளுடைய நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரியும். "கண் இருக்கேக்கை ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ தம்பி," என்பாள். அகதியாக ஏற்கப்பட்டவன், தப்பி வந்த நாட்டுக்கே திரும்பிப் போனால் இங்கே உள்ளதையும் பறித்துவிடலாம் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். குடியுரிமை எடுத்தால்தான் பயமில்லாமல் போகலாம். ஆகவே கோப்பு முந்துமா அவள் கண் முந்துமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி. சொன்னால் பிந்திவிடும் என்று பயம். சொல்லாமல் விட்டு, பிறகு பொய் சொன்னான் என்று பிடித்தால் எல்லாமே போய்விடும் என்று அதைவிடப் பெரிய பயம்.

கடைசியில் ரிக்கற்றுகளைச் சொல்லத்தான் வேண்டும் என்றேன். யோகண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கட வேதக்காரருக்குச் சும்மா இருக்கேலாது. அற்பப் பாவத்தையும் ஆரிட்டையாவது போய்ச் சொல்லவேணும். கொக்காவின்ர கண்ணை நினைச்சுப் பார்," என்று பேசிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனார். விளைமீனைக் கழுவும் சத்தம் கேட்டது. நான் தனியே இருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டினேன், அழித்தேன், திரும்பத் தட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டார். எழுதுகிறதென்றால் ஒழுங்காக எழுதவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு, மூன்று ரிக்கற்றையும் விளக்கி ஒரு பக்கம் தானே தட்டி முடித்தார்.

பிறகு காத்திருப்பு. எனக்குப் பின்னால் அனுப்பியவர்களுக்கெல்லாம் குடியுரிமை வந்துவிட்டது. கோயிலில் ஒருவர் மாறி ஒருவர் கேக் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். பனி கொட்டி, கரைந்து, திரும்பவும் கொட்டியது. காரை மட்டும் நேரத்துக்கு எடுத்துவிடப் பழகியிருந்தேன். அக்கா போனை இன்னும் கிட்டப் பிடிக்கத் தொடங்கினாள். ஒரு ஞாயிறு, லைற்றைப் போடு தம்பி, இருட்டுக்குள் இருக்கிறாய் என்றாள். என் அறையில் லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஒரு பக்கம் எழுதியதற்காக அன்றைக்கு என்னையே திட்டித் தீர்த்தேன். பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டினார்.

நேர்முகம் வீடியோவில் நடந்தது. மேலே சேர்ட், கீழே சாரம். ரிக்கற்றுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதை இரண்டு மொழியிலும் பாடமாக்கி வைத்திருந்தேன். திரையில் வந்த அம்மையார் பொன்ஜூர் சொன்னார், பெயர் கேட்டார், வேலையைப் பற்றிக் கேட்டார். ரிக்கற்றைக் கேட்கவேயில்லை. முடிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் பொறுக்க முடியாமல் நானே அந்தக் கதையை எடுத்தேன். எந்த ரிக்கற் என்றார். தேடிப் பார்த்தார். ஆ, இதுவா, இது ஒன்றுமில்லை என்று ஒரு விரலால் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு வேறொரு இடத்தில் அவருடைய கண் நின்றது. ஐந்து வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கனடாவை விட்டு வெளியே போகவில்லை என்று இருக்கிறதே, சரியா என்று கேட்டார். சரி என்றேன். அமெரிக்காவுக்குக்கூட? விடுமுறைக்கு? குடும்பம் இல்லையா? குடும்பம் இருக்கிறது என்றேன். அவர் சந்தோசமாகச் சிரித்தார்.

"அப்படியென்றால் வெளியில் இருந்த நாட்களைக் கழிக்கத் தேவையில்லை, எங்களுக்கு வேலை மிகவும் சுலபம், மெசியே."

மெர்சி என்றேன். திரையை மூடிய பிறகு எழும்ப மனம் வரவில்லை. மூன்று ரிக்கற்றுக்குப் பயந்து பயந்து செத்திருக்கிறேன், அவற்றை யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. நான் எங்கேயும் போகாமல், யாரையும் பார்க்காமல் கிடந்த வருடங்கள்தான் என்னை நல்ல விண்ணப்பதாரி ஆக்கியிருந்தன. அழுகை வந்தது, அழுதேன். அந்தக் கடிதத்தால்தான் கோப்பு பிந்தியதா, இல்லை எழுதாவிட்டாலும் அவ்வளவு காலம் எடுத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க ஆளில்லை.

சத்தியப் பிரமாணமும் திரையில்தான். சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் நூற்றுக்கணக்கான முகங்கள். சிலர் பட்டுச் சேலையில், சிலர் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு. வதிவிட அட்டையைக் கமராவுக்கு முன்னால் வெட்டிக் காட்டச் சொன்னார்கள். பால் பை வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினேன். பிறகு எல்லாருடைய ஒலியையும் நிறுத்திவிட்டு, சொல்லித் தருவதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். எல்லா வாயும் அசைந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. என் அறைக்குள் என் குரல் மட்டும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கேட்டது. முடிந்ததும் அக்காவுக்கு எடுத்தேன். "அப்ப வா," என்றாள்.

கடவுச்சீட்டு வந்ததும் மன்னாருக்குப் போனேன். வாசலில் நின்ற அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "நல்லா மெலிஞ்சுபோனாய் தம்பி," என்றாள். நான் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது இருந்ததைவிட ஒன்றரை மடங்கு பருத்திருந்தேன். ஓம் அக்கா, சாப்பாடு சரியில்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூற்றி, ஓடுவதற்கான பத்திரம் எல்லாம் எடுத்துத்தான் வைத்திருந்தேன். இடப்பக்கமாக ஓடவேண்டும் என்று எனக்குள் செபம் மாதிரிச் சொல்லிக்கொண்டே ஓடினேன். பின்னால் பக்கவாட்டில் இருந்த அக்கா என் சேர்ட்டைப் பிடித்திருந்தாள். கடைத்தெரு தாண்டியதும் வேப்பமர நிழலில் நின்ற பொலிஸ்காரர் கையைக் காட்டினார். ஓரமாக நிறுத்தினேன். அவர் வருவார் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் நிழலை விட்டு அசையவில்லை, என்னை வரச் சொல்லிச் சத்தம் வைத்துக் கையை அசைத்தார். நான் இரண்டு கைகளையும் ஹாண்டிலில் வைத்துக்கொண்டு இன்னும் நேராக இருந்தேன். இறங்கவேண்டும் என்று தலைக்குத் தெரிந்தது. கால் இரண்டும் தரையை விட்டு எழும்பவில்லை.

"இறங்கிப் போ தம்பி," என்று அக்கா முதுகில் தட்டினாள். இரண்டாம் முறையும் தட்டினாள். பிறகு தானே மெல்ல இறங்கினாள். பொலிஸ்காரர் சத்தம் வைத்த திசையைப் பிடித்துக்கொண்டு, செருப்பால் நிலத்தைத் தடவித் தடவி நடந்தாள். பழக்கம் மறக்காமல் தன் அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தாள்.

"கோவிக்காதேங்கோ ஐயா," என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "அவர் வெளிநாட்டுக்காரர். எங்கட முறை தெரியாது."

பொலிஸ்காரர் மரத்தடியிலிருந்து என்னைப் பார்த்தார். என் கைகள் ஹாண்டிலில், அவருக்குத் தெரியும்படி இருந்தன.