சித்தப்பாவுக்கு வாழையிலை

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா முதல் தடவை லீவில் வந்தபோது பெட்டி நிறைய சாக்லேட்டும் வாய் நிறைய தேங்க்ஸும் கொண்டுவந்தார். சாக்லேட்டை நானே சீக்கிரம் தீர்த்துவிட்டேன். தேங்க்ஸ்தான் தீருவேனா என்றது.

மன்னார்குடி பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டருக்கு ஒரு தேங்க்ஸ். கேலி செய்கிறாரோ என்று, சித்தப்பா இறங்கும் வரை கண்டக்டர் முறைத்துக்கொண்டே வந்தார். எங்கள் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு வரப்பில் நின்று ஒரு தேங்க்ஸ். வேலை போதும் என்கிறார் போலிருக்கிறது என்று அவர்கள் பாதி வயலோடு கரையேறிவிட்டார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அதெல்லாம் சிரிப்போடு போயிற்று. வம்பு வந்தது சாப்பாட்டில்தான். அம்மா சோறு வைத்தால் தேங்க்ஸ் அண்ணி, ரசம் ஊற்றினால் தேங்க்ஸ் அண்ணி, தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாலும் தேங்க்ஸ் அண்ணி. ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா தாயில்லாத பள்ளிக்கூடத்துப் பையன். தலைக்கு எண்ணெய் வைத்து, காய்ச்சலில் கஞ்சி ஊட்டி, கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டு அவரை ஆளாக்கியவள் அவள்தான். நான் பிறப்பதற்கு முன்பே அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தது, அது சித்தப்பா. வெளிநாட்டில் அப்படித்தான் பேசுவார்கள், விடு என்று அப்பா சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

“சோறு போட்டதுக்கு எதுக்குங்க தேங்க்ஸ்? நான் என்ன கடையா வச்சிருக்கேன்?”

மறுநாள் அம்மா கொல்லையில் வாழையிலை அறுத்து வந்து சித்தப்பாவுக்கு மட்டும் போட்டாள். சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும் எடுக்கிற கண்ணாடி டம்ளர் அலமாரியிலிருந்து இறங்கியது. வடை, பாயசம், அப்பளம். வாடா போடா என்று கூப்பிடுகிறவள், இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க தம்பி என்றாள். சித்தப்பா நெகிழ்ந்துபோய் இன்னும் நிறைய தேங்க்ஸ் சொன்னார். அடுத்த நாளும் இலை, அடுத்த நாளும் வடை.

நான் சும்மா இருப்பேனா? வடைக்கான வழி இதுதான் என்று தெரிந்துவிட்டதே. என் தட்டில் சோறு விழுந்ததும் தேங்க்ஸ்மா என்றேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காது கேட்கவில்லை போலும் என்று உரக்கச் சொன்னேன். அதற்கும் ஒன்றும் வராததால் நேராகவே கேட்டுவிட்டேன்.

“நானுந்தான் தேங்க்ஸ் சொன்னேன். எனக்கும் இலை போடும்மா.”

“அவங்க விருந்தாளி. லீவு முடிஞ்சா போயிடுவாங்க. நீ இந்த வீட்டுப் பொண்ணு, தட்டுல சாப்பிடு.”

சொல்லி முடிப்பதற்குள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சித்தப்பா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. ஒரு வடை கேட்டது அவ்வளவு பெரிய தப்பா என்று அழுகை வந்தது.

மறுநாள் காலையில் சித்தப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பைப்பும் ஸ்பானருமாகக் கொல்லையில் இறங்கினார். அதுவரை மோட்டாரடியிலிருந்து அம்மா குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் அடுப்படிக்குள்ளேயே ஒரு குழாய் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, பாத்திர அடுக்குக்குப் பின்னால் கிடந்த தன் பழைய நசுங்கிய தட்டைத் துழாவி எடுத்தார். பானையிலிருந்து பழைய சோற்றைத் தானே அள்ளிப் போட்டுக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

“நார்த்தங்கா எங்க அண்ணி? எந்தச் சாமானையாவது வச்ச எடத்துல வைக்கிறீங்களா?”

அம்மா குழாயடியிலிருந்து திரும்பினாள்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? மேல்தட்டுல பாருடா. குழாயை இவ்வளவு தாழ்வா வச்சிருக்கியே, அடியில குடம் எப்படி நுழையும்?”

நார்த்தங்காய் உப்புக் கரிக்கிறது என்று அவர் குறை சொன்னார். சிங்கப்பூரில் நாக்கு செத்துப்போய்விட்டது என்று அவள் திட்டினாள். திட்டிக்கொண்டே, கேட்காமலே இன்னொரு பிடி சோற்றை அவர் தட்டில் வைத்தாள். சித்தப்பா தேங்க்ஸ் சொல்லவில்லை. மோர் எங்கே என்று கேட்டார்.

அன்றைக்கு வடையும் இல்லை, பாயசமும் இல்லை. இலையில் விருந்து சாப்பிட்டபோது இல்லாத சிரிப்பு, நசுங்கிய தட்டில் பழையதைத் தின்னும்போது சித்தப்பாவுக்கு எங்கிருந்து வந்தது? திட்டுகிற அம்மா எதற்காக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரே ஒரு தேங்க்ஸ் சொல்லியிருந்தால் வடையாவது கிடைத்திருக்கும், இந்த சித்தப்பாவுக்குப் பேசவே தெரியவில்லை என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது.